மஞ்சள் சுவரில் விழுந்த நிழல்

நான் பத்துக்குப் பத்து போட்ட ஒரு விடை, சில மாதங்களாக என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. புதுச்சேரியில் ஓவியக் கல்லூரி ஒன்றில் கலை வரலாறும் அழகியலும் நடத்துகிறேன். மாணவர்கள் பேச்சில் இரண்டும் சேர்ந்து ‘தியரி’. உள்தேர்வில் நிறங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: அருகருகே இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன? கடலூர் முதுநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். இதற்கான விதியை எழுதிய ஷெவ்ரலின் பெயர் இருந்தது, அவர் புத்தகம் வந்த 1839 இருந்தது, மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். ஒரே சாம்பல் சதுரத்தை மஞ்சளுக்கு நடுவில் வைத்தால் ஊதாச் சாயல் கொள்ளும், நீலத்துக்கு நடுவில் வைத்தால் ஆரஞ்சுச் சாயல் கொள்ளும் என்பதற்குப் படம்கூட இருந்தது. ஓர் எழுத்துப் பிழை இல்லை. யோசிக்காமல் 10 போட்டேன்.

அடுத்த வாரம் வேறு வேலையாக மாடியில் உள்ள ஓவியக்கூடத்துக்குப் போனேன். அவளுடைய கித்தான் ஸ்டாண்டில் இருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் வீதி ஒன்று, மஞ்சள் சுவர், நீலக் கதவு, மேலிருந்து வழியும் காகிதப்பூக் கொடி. கோடுகள் உறுதியாக இருந்தன, கதவின் மரச்சட்டங்களில் அவள் எடுத்திருந்த பொறுமை தெரிந்தது. ஆனால் கொடியின் நிழல் விழும் இடத்தில் சுவர் பாசி பிடித்திருந்தது. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பச்சை வரும் என்பது தூரிகை பிடித்த எல்லோருக்கும் ஒரு நாள் தெரியவரும் செய்தி. அவள் சுவரின் மஞ்சளை எடுத்து, நிழல் என்றால் இருட்டு, இருட்டு என்றால் கறுப்பு என்று கலந்திருக்கிறாள். ஐப்பசி மழையில் நனைந்த சுவர் போல ஆகிவிட்டது. “போன வாரம் எழுதினாயே அம்மா, மஞ்சளுக்குப் பக்கத்தில் இருப்பது என்ன சாயல் கொள்ளும் என்று? அதை இங்கே யோசிக்கவில்லையா?” என்று கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “அது தியரி சார். இது பிராக்டிகல்” என்றாள். அதில் துடுக்கு எதுவும் இல்லை. வழி தெரியாமல் நிற்பவருக்கு, கடலூர் பஸ் அந்தப் பக்கம் நிற்கும் என்று காட்டுவது போலத்தான் சொன்னாள்.

அவள் மீது கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. எங்கள் கால அட்டவணை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். காலை முழுவதும் கூடத்தில் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நகக்கண்ணில் களிமண்ணும் விரலில் கரியுமாகப் பிள்ளைகள் என் வகுப்புக்கு இறங்கி வருகிறார்கள். புரொஜெக்டருக்காக ஜன்னல்களைச் சாத்தி வைத்திருப்பேன். இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் ஓடும்: அஜந்தா, பனைமலை, ஜாட்டோ, செஸான். கை ஓய்ந்திருக்கும், கண் சொக்கும், பேனா மட்டும் ஆண்டுகளையும் பெயர்களையும் எழுதிக்கொண்டிருக்கும். நிறத்தைப் பற்றிய பாடத்தை ஜன்னலைச் சாத்திவிட்டு நடத்திக்கொண்டிருந்தேன் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

நான் படித்த காலத்தில் மறுபக்கத்தின் குறையை அனுபவித்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் பிளாஸ்டர் தலைகளை வரைந்தோம். சுருட்டை முடியும் நேர்மூக்கும் கொண்ட கிரேக்கத் தலை ஒன்று ஜன்னலோரம் இருந்தது. அதை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. “கை வந்தால் எல்லாம் வரும்” என்பார் எங்கள் ஆசிரியர். கை வந்தது, அவர் சொன்னதில் பாதி உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருபது பேர் ஏன் ஒரு கிரேக்க மூக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. 1850-ல் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் ஓவியப் பள்ளி தொடங்கியதையும், ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்த கலைப் பள்ளிகள் வழியாக அந்தத் தலைகள் நம் ஊர் வகுப்பறைகளுக்கு வந்துசேர்ந்ததையும் பல ஆண்டுகள் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அது தெரிந்திருந்தால் என் கோடு நேராகியிருக்காது. ஆனால் அந்தத் தலைக்கு நான் கொடுத்த பயபக்தியில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரைக்குக் கொடுத்திருப்பேன்.

துய்மா வீதியில் ஒரு சனிக்கிழமை

ஓவியப் பிரிவு ஆசிரியரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவருக்குத் தியரி மேல் பெரிய மரியாதை கிடையாது. புத்தகம் படித்த பையன் தூரிகையை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுகிறான் என்பது அவருடைய பழைய மனக்குறை. அதையும் நான் மறுக்க மாட்டேன். அடையாளம், உடல், வெளி, நினைவு என்று நாலு சொற்களைக் கற்றுக்கொண்டு எந்தப் படத்தின் கீழும் ஒட்டிவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். படத்தைக் கழற்றிவிட்டு வேறு படத்தை மாட்டினாலும் அந்தக் குறிப்பு அப்படியே பொருந்தும். பாசி பிடித்த நிழலைவிட அது மோசம், ஏனென்றால் நிழலையாவது திருத்திவிடலாம். அந்தச் சொற்களை அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், “சனிக்கிழமை பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறேன். நீங்களும் வாருங்கள்” என்றார்.

காலை எட்டரை மணி. ஒயிட் டவுனின் துய்மா வீதியில் கிழக்கே பார்த்த சுவர்களில் வெயில் முழுதாக இறங்கியிருந்தது. கடலின் ஈரக்காற்று, மேகமில்லாத வானம். பதினான்கு பிள்ளைகள் எதிர்ப்பக்க நடைபாதையில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் நின்று பாடத்தைத் தொடங்கினேன். சுவர் மஞ்சள், ஆகவே அதன் நிழலில் எதிர்நிறமான ஊதாவைக் காண்கிறோம். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாணவி மட்டும் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “எனக்கு ஊதா தெரியவில்லை சார்” என்றாள்.

ஓவிய ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். நோட்டின் பின்னட்டையைக் கிழித்தது, சாம்பல் நிறம், நடுவில் பஞ்ச் மெஷினால் போட்ட ஒரே ஒரு துளை. அதைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, துளை வழியாக நிழலை மட்டும் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். “ஊறவைத்த புளி மாதிரி இருக்கிறது” என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். புளிக்கரைசல்தான். மங்கிய, பழுப்பேறிய மஞ்சள். ஊதாவின் வாடைகூட இல்லை. “இப்போது அட்டையை எடு. கண்ணை எடுக்காதே” என்றார். அட்டை விலகியது. நிழலைச் சுற்றி வெயில் பட்ட மஞ்சள் வந்து சூழ்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அந்தப் புளிநிறம் எங்கோ போய், நிழலின் மேல் கத்தரிப்பூவின் சாயல் ஒன்று மெல்லப் படர்ந்தது. அவள் மறுபடி அட்டையை வைத்தாள், புளி. எடுத்தாள், கத்தரிப்பூ. வைத்தாள், எடுத்தாள். எத்தனை முறை செய்தாள் என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பல ஆண்டுகளாக நான் எழுதிப் போட்ட விதி அது, என் கண்ணால் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது என் குறிப்பேட்டில் இல்லாதது. “கீழே வேறு மாதிரி இருக்கிறது சார். தரைப்பக்கம் நிழல் சூடாக இருக்கிறது.” உண்மைதான். சுவரின் அடிப்பகுதியில் நிழலுக்குள் ஆரஞ்சு போல ஒன்று கனிந்திருந்தது. அவள் எழுந்து போய், தன்னுடைய பெரிய கறுப்புப் படக்கோப்பைச் சுவரடியில் வீதியைப் பார்த்தபடி நிறுத்தினாள். ஆரஞ்சு அணைந்தது. கோப்பை எடுத்தாள், திரும்ப வந்தது. வெயில் வீதியில் பட்டு, மண்ணின் நிறத்தையும் வாங்கிக்கொண்டு சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. சோதனை செய்து பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் பாடத்தில் நிழலுக்கு ஒரே நிறம். துய்மா வீதியில் அதற்கு மேலே வானமும் கீழே தெருவும் இருந்தன.

“அம்மா பிளவுஸ் துணி எடுக்கும்போது, கடைக்காரர் விரித்துக் காட்டுவதை நம்பவே மாட்டார்கள் சார். புடவையைப் பையில் கொண்டுபோவார்கள். முந்தானையைப் பக்கத்தில் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். இது அதுதானா?” என்று கேட்டாள். அதுதான் என்றேன். அப்போதுதான் நடைபாதையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஷெவ்ரலின் கதையைச் சொன்னேன். கதை எனக்கு முன்பே தெரியும். தேர்வில் பெயரும் ஆண்டும் போதும் என்பதால் ஒருபோதும் சொன்னதில்லை.

மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் ஓவியர் அல்லர், வேதியியலாளர். பாரிஸில் அரசாங்கத்தின் கோப்லேன் நெசவாலையில் 1824-ல் சாயப்பட்டறைக்குத் தலைவரானார். சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் இடம் அது. அங்கே அவரிடம் ஒரு புகார் வந்தது: நீலத்திலும் ஊதாவிலும் நெய்த உடைகளின் மடிப்புகளில் நிழலுக்காக வைக்கும் கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது, சாயம் சரியில்லை. ஷெவ்ரல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். தங்கள் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. குற்றம் சாயத்தொட்டியில் இல்லை என்று தெரிந்ததும் நூலின் அண்டை வீட்டைப் பார்த்தார். நீலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கறுப்பின் மேல் ஆரஞ்சின் சாயல் ஏறி, அது வெளுத்தது போலத் தோன்றுகிறது. அந்தப் புகாரைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நூல்களையும் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததன் விளைவுதான் 1839-ல் வந்த புத்தகம். பின்னாளில் ஸ்யூரா போன்ற ஓவியர்கள் அதைப் படித்தார்கள். நான் தியரி என்று எழுதிப்போட்டது ஒரு சாயப்பட்டறையின் பிராக்டிகல் தகராறு. அதைப் பட்டறையிலிருந்து பிரித்து எடுத்து, கழுவித் துடைத்து, இருட்டறையில் மதியம் இரண்டரை மணிக்குப் பரிமாறியவன் நான்.

எதைக் கலப்பது?

சரி, எந்த நிறத்தைக் கலப்பது என்ற கேள்வி உடனே வந்தது. துளையில் தெரிந்த புளியையா, கண்ணில் படர்ந்த கத்தரிப்பூவையா? ஓவிய ஆசிரியர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகளை ஒன்றையும் மீதிப் பேரை மற்றொன்றையும் கலக்கச் சொன்னார். அவள் காவி மஞ்சளோடு ஊதாவைத் துளித்துளியாகச் சேர்த்துப் புளிநிறத்தைக் கொண்டுவந்தாள். தட்டில் இருக்கும்போது அது பார்க்கவே சகிக்காத நிறம். வெயில் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்ததும் கத்தரிப்பூ தானாக வந்து உட்கார்ந்தது. ஊதாவையே கலந்தவர்களின் சுவரில் அது இரண்டு மடங்காகி நிழல் கத்தியது. ஷெவ்ரல் ஓவியர்களுக்குச் சொன்னதும் இதுவே: கண் தானாகச் சேர்த்துக்கொள்வதை நீயும் சேர்த்தால் மிகையாகும். ஆனால் அந்த மிகையை வேண்டுமென்றே விரும்பி, நிழலை ஊதாவாகவே தீட்டிய இம்ப்ரெஷனிஸ்டுகளும் இருக்கிறார்கள். அவர்கள் தெரியாமல் செய்யவில்லை. அன்று ஒரு பையன் தன் கத்தும் நிழலை மாற்ற மாட்டேன், இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றான். விடு, அப்படியே இருக்கட்டும் என்றார் ஓவிய ஆசிரியர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

கோட்பாட்டுக்கு ஒரு ஓவிய மாணவரின் வாழ்க்கையில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், இனி அந்தக் காலை நேரத்தைத்தான் சொல்வேன். கை தடுமாறி நிற்கும் இடத்துக்கு அது வந்துசேர வேண்டும். ஒரு நாள் முன்னால் வந்தால் மனப்பாடமாகிவிடுகிறது, படம் முடிந்தபின் வந்தால் சாக்காகிவிடுகிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னங்கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று அளவு குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். தாளம், அங்குலம் என்ற அளவுகளில் சிற்ப நூல்கள் விரிவாகப் பேசும் கணக்கு முழுவதும் அந்தக் கீற்றின் மடிப்பில் இருக்கிறது. வார்ப்புக்கான மெழுகுச் சிலையின் மேல் கை இருக்கும்போது கீற்று பக்கத்திலேயே கிடக்கிறது. எனக்கு அன்று அது அழகான பழைய வழக்கமாகத் தெரிந்தது. இப்போது அதைப் பாடத்திட்டமாகப் பார்க்கிறேன்.

தியரிக்கும் பிராக்டிகலுக்கும் நடுவே நாம் எழுப்பிய சுவர் நம் பழைய நூல்களிலும் இவ்வளவு உயரமாக இல்லை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேயரிடம் சிலை செய்யும் கலையைக் கேட்கிறான். ஓவியம் தெரியாதவனுக்குச் சிலை விளங்காது என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நடனம் தெரிய வேண்டும், நடனத்துக்கு வாத்தியம், வாத்தியத்துக்குப் பாட்டு என்று அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகிறார். மணிமேகலையில் மாதவி, நாடக மகளிருக்காக வகுத்த ‘ஓவியச் செந்நூல்’ கற்றவளாக வருகிறாள். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஓவிய நூலை ஆடுகிறவள் படித்தாள் என்ற செய்தி கிடைத்திருக்கிறது. எப்படி நிற்பது, எங்கே எடையை வைப்பது, கையை எவ்வளவு நீட்டுவது என்று உடம்பால் சோதித்துப் பார்ப்பவளின் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இத்தனையும் சொன்னபின், தியரி என்றால் நிழலைத் திருத்தும் கருவி மட்டும்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மாணவியின் மஞ்சள் சுவரில் ஈரம் போய்விட்டது, படம் நன்றாக முடிந்தது. சில வாரங்கள் கழித்து என் வகுப்பில், யாருடைய பார்வைக்காக ஒரு ஊர் வரையப்படுகிறது என்ற பேச்சு வந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒயிட் டவுனில் உள்ள நாலைந்து வீதிகளையே எல்லோரும் வரைகிறோம். விற்கிறது, அதனால் வரைகிறோம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீடுகளுக்கு நிழல் விழுவதில்லையா, முதலியார்பேட்டையில் விழுவதில்லையா என்று கேட்டேன். வகுப்பு முடிந்ததும் அவள் வந்தாள். தினமும் 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து, ஒரு நாள்கூடக் குடியிருக்காத வீதியின் கதவை வரைந்திருக்கிறேனே சார் என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. அந்தச் சங்கடத்தை அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

இப்போது அவள் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். வலை பின்னுபவர்கள் உட்காரும் இடத்தில் கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய்தான் பொருள். துணி வழியாக இறங்கும் வெளிச்சம் நீலம், ஓரத்தில் வெயில் வெள்ளை, கீழே மணல், மடியில் பச்சை வலை. மனிதர்களின் தோல் அந்த நீலத்துக்குள் என்ன நிறமாகிறது என்று அவளால் கலக்க முடியவில்லை. மூன்று படம் கெட்டுவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். இதற்கு என் குறிப்பேட்டில் விடை இல்லை.

இந்த முறை உள்தேர்வில் பழைய கேள்வியை எடுத்துவிட்டேன். பதிலாக எல்லோருக்கும் ஒரு சாம்பல் அட்டை கொடுத்து, கேன்டீனுக்கு எதிரே உள்ள மஞ்சள் சுவரைக் காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் துளை வழியாகவும் வெறும் கண்ணாலும் பார்த்து, கண்டதை எழுதச் சொன்னேன். விடைகள் பழைய விடைகளைப் போல ஒழுங்காக இல்லை. ஒருத்தி நிழலைப் பேரீச்சம்பழத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள். இரண்டு பேர் சுவரையே பார்க்காமல் புத்தகத்திலிருந்து எழுதியிருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் மூன்று வரி எழுதியிருக்கிறான்: எட்டு மணிக்கு இரண்டு முறை, பன்னிரண்டு மணிக்கு நான்கு முறை பார்த்தேன். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் மாறுகிறது என்கிறார்கள், எனக்கு மாறவில்லை.

மூன்று நாட்களாக அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாமல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அவனை அந்தச் சுவருக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன். ஓவிய ஆசிரியரும் வருகிறார்.